எழுபத்தைந்துக்குக் கீழே

செவிமானி வந்த முதல் வாரத்தில் அதை வாய்விட்டுப் பாராட்டியவர்களில் பெர்னதெத் மச்சாதுவும் ஒருத்தி. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

‘ஆறாம் நிலை’ என்று ஓர் இணைய மன்றம். பழைய வீடியோ கேம்களில் வரும் இசையை எடுத்து, பிரித்துப் போட்டு, தங்கள் மனம்போல மறுபடி கோத்து ரீமிக்ஸ் செய்கிறவர்கள் கூடும் இடம். ஈரோட்டு டாக்சி ஓட்டுநர், கோலாலம்பூர் பல் மருத்துவர் என்று சுமார் நாலாயிரம் பேர். பெர்னதெத் ஒரு ரீமிக்ஸ்கூடச் செய்ததில்லை. அவளுக்கு அங்கே ஒரே வேலைதான்: கேட்பது, கேட்டதை எழுதுவது. தூத்துக்குடியில் செவித்துணைக் கருவிகள் விற்கும் சின்னக் கடை அவளுடையது. வருகிறவர்களின் காதைச் சோதித்து, எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பாள். வருடத்துக்கு ஒரு தடவை தன் காதையும் சோதித்துக்கொள்வாள். முப்பதுகளில் அந்தக் கோடு அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மற்றவர்கள் ‘செம’, ‘தீ’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அவள் எழுதுவது வேறு மாதிரி. “ஒரு நிமிடம் பன்னிரண்டாவது விநாடியில் ட்ரம்மும் பேஸும் ஒரே வாசலில் இடித்துக்கொள்கின்றன. அடி விழும்போது பேஸ் தலை குனியட்டும்.” “எதிரொலியின் அடிப்பக்கத்தை வெட்டு, சேறாக இருக்கிறது.” “ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பக்கத்து அறையில் நின்று கேள். அங்கேயும் மெட்டு புரிந்தால்தான் ஒழுங்காகக் கலந்திருக்கிறாய் என்று அர்த்தம்.” பதினோரு வருடத்தில் இப்படி இரண்டாயிரத்துக்கும் மேல் எழுதினாள். சிலர் அழுதார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். பிறகு அவர்களே அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு, “பெர்னாக்கா, கேட்டுச் சொல்லுங்க” என்பார்கள்.

அந்த மன்றத்தை ‘ஒலிவாசல்’ விலைக்கு வாங்கியது. அப்போது இசை என்று எதைப் போட்டாலும் ஒலிவாசல் வழியாகத்தான் போட வேண்டும். மற்ற தளங்கள் ஒவ்வொன்றாக அதற்குள் அடங்கிவிட்டிருந்தன. இயந்திரங்கள் செய்து தள்ளும் பாட்டுகள் நாளொன்றுக்குப் பல லட்சம் வந்து குவிந்தன. அந்தக் குப்பையில் மனிதர் செய்ததும் காணாமல் போகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். அதற்கு ஒலிவாசல் கண்டுபிடித்த மருந்துதான் செவிமானி. பாட்டைக் கேட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும். எழுபத்தைந்துக்கு மேல் வாங்கினால் ஊருக்குக் காட்டும். கீழே போனால் பாட்டை அழிக்காது; ஆனால் தேடினாலும் அகப்படாது. முழு முகவரியும் தெரிந்தவர் மட்டும் திறந்து கேட்கலாம்.

மதிப்பெண்ணோடு குறிப்பும் வரும். பெர்னதெத் அதைத்தான் பாராட்டினாள். ‘மெட்டு வலது காதுப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது, நடுவுக்குக் கூப்பிடு’ என்று அது எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “கேட்டுத்தான் எழுதியிருக்கு” என்று மன்றத்திலேயே சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு விநாடியில் பதில் கிடைக்கும்போது, தூத்துக்குடியில் ஒருத்தி கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை யார் காத்திருப்பார்கள்? அவளுக்கு வருத்தமில்லை என்று சொல்லிக்கொண்டாள். இருந்தது.

நாலு மாதம் கழித்து மொகுதூம் எழுதினான்.

காயல்பட்டினத்துக்காரன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் இஞ்சின் பார்ப்பவன். மன்றத்தில் அவன் பெயர் ‘டீசல்’. அவளுக்கு எழுத்தில் ஆறு வருடப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. ‘உப்புக்கோட்டை’ என்ற பழைய கேமில், கடலுக்குள் மூழ்கிய மணிக்கூண்டுக் கட்டம் ஒன்று வரும். அந்த இசையை ரீமிக்ஸ் செய்திருந்தான்.

“அக்கா, இருபத்து மூணு வாட்டி போட்டேன். நாப்பத்தொண்ணுக்கு மேல ஏற மாட்டேங்குது. ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டாள். முதல் நிமிடம் அவளை நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தது. அடியில் ஒரு துடிப்பு. காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்தது. அதன் மேல் திடீரென்று மணி. கண்ணாடித் தூளைக் காதில் கொட்டினதுபோல. அவள் ஹெட்போனைப் பிடுங்கி எறியாத குறை.

“தம்பி, அடிப்பக்கம் அருமை. மணிதான் கொல்லுது. ஏழாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதைப் பாதியாக் குறை. மணியோட முதல் அடியை மழுக்கு. கொஞ்சம் பின்னால தள்ளி வை.”

குறைத்தான். ஐம்பத்தெட்டு. இன்னும் குறைக்கச் சொன்னாள். அறுபத்தொன்பது. மணிக்குக் கீழே மெல்லிய தந்திக் கருவி ஒன்றை விரிக்கச் சொன்னாள். எழுபத்து நாலு. அடித் துடிப்பையும் கொஞ்சம் அடக்கச் சொன்னாள். இரண்டு வாரத்தில், ஒரு வியாழக்கிழமை மதியம், எழுபத்தாறு.

பெர்னதெத் சந்தோஷமாக அந்தப் பாட்டைப் போட்டாள். ஒரு தப்பும் இல்லை. ஜவுளிக்கடை லிஃப்டுக்குள் ஓடவிடலாம். மூன்று நிமிடம் முடிந்தபோது, அதில் என்ன கேட்டோம் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

அவனே போன் செய்தான். முதன்முதலாக அவன் குரலைக் கேட்டாள். தேவைக்கு மேல் உரக்கப் பேசினான்.

“அக்கா, பாஸாயிடுச்சு. ஆனா மணி எங்கக்கா? எடுத்துட்டோமா?”

“இருக்கே தம்பி. நாப்பதாவது விநாடியில வருதே.”

“எனக்குக் கேக்கலியே.”

அவள் அந்த நாற்பதாவது விநாடியை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு, “நாளைக்குக் கரையிலதான் இருக்கியா? கடைக்கு வா” என்றாள்.

கறுத்து, ஒல்லியாக, இரண்டு கையிலும் கிரீஸ் ஏறிய நகங்களோடு வந்தான். முப்பத்தாறு வயது. சோதனை அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கையில் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து தொடங்கினாள். தடித்த சுருதிகளுக்கு டக் டக்கென்று அமுக்கினான். இரண்டாயிரம் தாண்டியதும் கை தயங்கியது. நாலாயிரத்துக்குப் போனாள். சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். ஆறாயிரம். எட்டாயிரம். தெருவில் போகிறவனுக்கே காது கூசும் அளவு. அவன் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி சாதுவாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் ஆனபிறகு கேட்டான்:

“அடுத்தது ஆரம்பிச்சாச்சாக்கா?”

வரைபடத்தில் கோடு பாதி தூரம் வந்து, கிணற்றுச் சுவர்போலச் செங்குத்தாக இறங்கியிருந்தது. பதினைந்து வருட இஞ்சின் அறை. இந்த மாதிரிக் கோட்டை அவள் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள். பாட்டுப் போடுகிறவனிடம் பார்த்ததில்லை.

“இத்தனை நாளா எப்படித் தம்பி ரீமிக்ஸ் செஞ்ச?”

“மேல் சத்தம்லாம் மீட்டரைப் பாத்து வைப்பேன். மணியை மட்டும் எனக்குக் கேக்குற வரைக்கும் ஏத்துவேன்.”

“கருவி மாட்டிக்கிட்டா மத்தவங்க கேக்குற மாதிரியே வைக்கலாம்.”

“வீட்ல புள்ளைங்க பேசறதைக் கேக்க ஒண்ணு வாங்கிக்கிடுதேன். அது வேற.” அவன் வரைபடத்தைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டான். “இஞ்சின் ரூம்ல நிக்கிறப்ப ஒண்ணும் கேக்காதுக்கா. தோணியை ஓட்டுற தண்டல் மேல இருந்து மணி அடிப்பாரு. ஒண்ணு அடிச்சா மெதுவா, ரெண்டு அடிச்சா நிறுத்து. அந்தச் சத்தம் மண்டையைப் பொளந்துக்கிட்டு உள்ள வரணும். வரலேன்னா பாறையில மோதுவோம். அந்த மணிதான் நான் வச்சது. அது இனிமையா இருந்தா செத்தோம்க்கா.”

பெர்னதெத்துக்கு முகம் சுட்டது. இருபத்து மூன்று முறை செவிமானி அதை மழுக்கச் சொன்னது. இருபத்து நாலாவதாக அவளும் சொன்னாள். ஏன் அப்படி வைத்தாய் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் நிவேதனை வீடியோ அழைப்பில் பிடித்தாள். கோவைக்காரன். ஒரு காலத்தில் மன்றத்தில் ரீமிக்ஸ் போட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். இப்போது ஒலிவாசலில் செவிமானியை நடத்தும் குழுவின் தலைவன். மொகுதூமின் கதையைச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டான்.

“கஷ்டமா இருக்குதுங்கக்கா. ஆனா ஒருத்தருக்காக அளவை மாத்த முடியாதுங்களே. எல்லாருக்கும் ஒரே அளவுங்கறதுதான் இதுல நேர்மை.”

“அது யாரு காதுல கேக்குது நிவேதன்?”

“யாரு காதும் இல்லீங்க. கணக்குதான்.”

“கணக்குக்குக் காது கிடையாது. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டினான். மறுபடி கழற்றினான்.

“நீங்கதானுங்கக்கா.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“உலகம் பூரா உள்ள மன்றங்களை எடுத்துப் பாத்தோம். எல்லாரும் ‘சூப்பர்’னுதான் எழுதியிருக்காங்க. எந்த விநாடியில, எது, எவ்வளவு, எதனாலன்னு எழுதின ஒரே ஆள் நீங்க. பாட்டு முன்னால எப்படி இருந்துது, நீங்க என்ன சொன்னீங்க, பொறவு எப்படி ஆச்சு, எல்லாம் வரிசையா இருந்துது. ஆறாம் நிலையை வாங்கினதே அதுக்குத்தானுங்க. மத்த மொழிக்கும் அதையேதான் போட்டிருக்கோம்.”

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் அது முழுதும் போகும்வரை காத்திருந்தாள். செவிமானியின் குறிப்பைப் படித்துவிட்டு ‘கேட்டுத்தான் எழுதியிருக்கு’ என்று மெச்சியது நினைவுக்கு வந்தது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருக்கிறாள்.

“என் குறிப்பையெல்லாம் எடுத்துரு.”

“குழம்புல கரைஞ்ச உப்புங்கக்கா. எப்படிங்க எடுக்கறது?”

“எனக்கு இப்ப நாப்பத்தஞ்சு. பதிமூணாயிரத்துக்கு மேல ஒண்ணும் கேக்காது. நீ வச்சிருக்கது முப்பத்து நாலு வயசுக்காரியோட காது. அவளை எனக்குத் தெரியும். அவ தன் காது ஒண்ணுதான் காதுன்னு இருந்தா.”

“அந்தக் காதாலதான் நான் கத்துக்கிட்டேன்.” அவன் குரலில் முதல் தடவையாகச் சூடு ஏறியது. “உங்க குறிப்பு கிடைச்சது என் அதிர்ஷ்டம். இன்னிக்கு அது தினம் பத்து லட்சம் பேருக்குக் கிடைக்குதுங்க. இதுல என்ன தப்பு, சொல்லுங்க?”

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லை. அவள் கேட்டாள்:

“உன் முதல் ரீமிக்ஸுக்கு நான் எத்தனை குறிப்பு எழுதினேன்?”

“அஞ்சு.”

“அஞ்சையும் திருத்தினியா?”

“நாலு. மூணாவதுக்கு உங்களோட சண்டை போட்டேன். மூணு நாள்.”

“யாரு ஜெயிச்சது?”

நிவேதன் சிரிக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தினான். “நான்.”

“அந்தப் பத்து லட்சம் பேர்ல ஒருத்தனை அந்தச் சண்டையைப் போடச் சொல்லு, பாப்போம்.”

அவள் அழைப்பைத் துண்டித்தாள். அவளுக்கு வந்தது, தன் குரலை யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் அதட்டுகிறான் என்று தெரிந்தவளின் ஆத்திரம்.

அந்த வாரம் முழுவதும், வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் தன் பழைய குறிப்புகளைப் படித்தாள். அந்தந்தப் பாட்டையும் கேட்டாள். பாதிக்கு மேல் இன்றைக்கும் அப்படியேதான் சொல்வாள். சிலதில் தப்பாகச் சொல்லியிருந்தாள். சிலதில் சொன்னது சரி, சொன்ன விதம் கொடூரம். மலேசியாவில் ஒரு பெண் ரப்பர் தோட்டத்து மழைச் சத்தத்தை நாலு நிமிடம் மெட்டே இல்லாமல் ஓடவிட்டிருந்தாள். அதன் கீழே பெர்னதெத், ‘மெட்டு எப்போது வரும்? நான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். அந்தப் பெண் அதன்பிறகு மன்றத்தில் எதுவும் போடவில்லை. பெர்னதெத் அந்தப் பாட்டை மறுபடி கேட்டாள். மெட்டு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

சனிக்கிழமை காலை, ஆறாம் நிலையில் ஒரு புது உரையாடல் திரி தொடங்கினாள். பாட்டுகளுக்குத்தான் மதிப்பெண், எழுத்துக்கு இன்னும் வரவில்லை; அதனால் அது எல்லோர் கண்ணிலும் படும். தலைப்பு: ‘செவிமானி என்பது நான்.’

“நண்பர்களே, உங்கள் பாட்டுக்கு மதிப்பெண் போடுவது இயந்திரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது என்னுடைய காது. பெயர் பெர்னதெத் மச்சாது. தூத்துக்குடியில் செவித்துணைக் கருவிக் கடை வைத்திருக்கிறேன். இங்கே நான் எழுதியதையெல்லாம் அதற்குப் புகட்டியிருக்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை. நான் மழை பெய்தால் எரிச்சல்படுகிறவள். மணிச் சத்தம் எனக்கு ஆகாது. நீளமான பாட்டு பிடிக்காது. அந்த எரிச்சலெல்லாம் இப்போது உங்களுக்குச் சட்டம். எழுபத்தைந்துக்குக் கீழே போன பாட்டின் முகவரியை இந்தத் திரியில் போடுங்கள். நான் மறுபடி கேட்கிறேன். அப்போதும் எனக்குப் பிடிக்காமல் போகலாம். அப்படியானால் சண்டை போடுங்கள். கீழே கடையின் தொலைபேசி எண். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை.”

முதல் முகவரியை மொகுதூம் போட்டான். எழுபத்தாறு வாங்கியதை அழித்துவிட்டு, பழைய மணியோடு பழைய பாட்டு. அதற்குப் பெயரும் வைத்திருந்தான்: ‘நாற்பத்தொன்று’.

மாலைக்குள் முந்நூறு முகவரிகள் வந்துவிட்டன. இரண்டாம் நாள், தன் மதிப்பெண்ணையே பாட்டுக்குப் பெயராக வைப்பது வழக்கமாகிவிட்டது. ‘அறுபத்தெட்டு’, ‘ஐம்பது’, ‘பன்னிரண்டு’. பன்னிரண்டு வாங்கியவரை எல்லோரும் மாலை போடாத குறையாகக் கொண்டாடினார்கள். ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டார்கள். ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்டார்கள். அங்கே தலை குனியவை, இங்கே விலகி நில் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முடியாது என்று பதில் வாங்கிக்கொண்டார்கள். ‘நாற்பத்தொன்று’ பாட்டுக்குக் கீழே, விசாகப்பட்டினத்தில் கப்பல் இஞ்சின் பார்க்கும் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இந்த மணி எனக்குக் கேட்கிறது.’

ஒன்பதாம் நாள் ஒலிவாசல்காரர்கள் திரியை மூடினார்கள். பெர்னதெத்தின் கணக்கும் நீக்கப்பட்டது. பதினோரு வருடத்து எழுத்து மன்றத்திலிருந்து மறைந்தது. செவிமானிக்குள் மட்டும் இருந்தது.

நிவேதன் கூப்பிட்டான். “சட்டப் பிரிவுல ரொம்பக் கோபமா இருக்காங்கக்கா. நிறுவன ரகசியத்தை வெளியிட்டீங்கன்னு நோட்டீஸ் வரும்.”

“என் பேரு உங்க ரகசியமா?”

“அப்படித்தான் எழுதப் போறாங்க.”

“வரட்டும். நான் எழுதினதுல எது பொய்?”

“எதுவும் இல்லீங்கக்கா” என்றான். “செவிமானியை நாங்க மாத்தப் போறதில்ல. அதையும் சொல்லிடறேன்.”

“நீ மாத்த வேண்டாம். அது போடுற மதிப்பெண்ணைப் போட்டுக்கிட்டே இருக்கட்டும். அதுக்குப் பின்னால யாரு இருக்கான்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது போதும்.”

போனை வைத்தாள். ஒரு பெரியவருக்குக் கருவியின் பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்பினாள். மறுபடி அடித்தது. இலங்கை எண். எடுத்தவுடனே ஒரு பெண் குரல் சீறியது.

“நீங்கள்தானோ அந்தக் காது?”

“ஆமா. நாந்தான். எங்கேருந்து பேசுதீங்க?”

“வவுனியா. என்ர பாட்டுக்கு நீங்கள் எப்பிடி அறுபத்தொண்டு போடுவியள்?”

“முகவரியைச் சொல்லுங்க. போட்டுக் கேக்குதேன். லைன்லயே இருங்க.”

கேட்டாள். கேம் ஒன்றின் முடிவு இசை. ஊர் முழுவதும் எரிந்தபிறகு வருவது. அதன் பின்னணியில், எங்கேயோ அடுத்த ஊரிலிருந்து வருவதுபோல ஒரு புல்லாங்குழல். நாலு நிமிடமும் அந்தப் பெண் லைனிலேயே காத்திருந்தாள். பெர்னதெத் ஹெட்போனைக் கழற்றினாள். மனசாட்சியைத் தொட்டுச் சொல்வதென்றால், செவிமானி சொன்னதைத்தான் அவளும் சொல்ல வேண்டியிருந்தது.

“நல்லாருக்கும்மா. ஆனா புல்லாங்குழல் ரொம்பத் தூரத்துல நிக்கு. பாதி பேருக்குக் கேக்காது. கொஞ்சம் கிட்டக் கூட்டிட்டு வந்தா எழுபத்தஞ்சு தாண்டிரும்.”

“தெரியும். உங்கட மெஷினும் அதைத்தான் சொன்னது.” அந்தக் குரல் இப்போது சீறவில்லை, இறுகியிருந்தது. “கூட்டிக்கொண்டு வரமாட்டன். அது தூரத்திலதான் நிக்கோணும்.”

பெர்னதெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அப்பச் சண்டை போடுங்க” என்றாள். “கேக்குதேன்.”